மாப்பிள்ளையின் கூடத்தில் படுத்திருப்பவர்கள்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மனைவியின் மூத்த சகோதரனும், தங்கள் வீட்டில் தங்கள் தயவில் குடியிருப்பவனுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். உத்தியோகக் காலம் முழுவதும் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளராக இருந்தவனுக்கு அப்படி மொட்டையாக எழுதக் கை வரவில்லை. ஆகவே, சேதம் போக மீதி நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும் முழுசாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் போனில் நீங்கள் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கோடை முடிந்ததும் ஓய்வு பெறுகிறீர்கள், பிறகு சொந்த வீட்டுக்கே வந்துவிடலாமா என்று யோசிக்கிறீர்கள், கட்டிடம் எப்படி, அக்கம்பக்கம் எப்படி, வயதான காலத்தில் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுக்க முடியுமா என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதிப் போடச் சொன்னீர்கள். போனில் பேசினால் தங்கச்சி நடுவில் புகுந்து எனக்காகப் பரிந்து பேசுவாள் என்பதால் எழுத்தில் கேட்டீர்கள். புரிகிறது. ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டுக்கு நீங்கள் இரண்டு பேர் வந்தால் நான் கிளம்ப வேண்டும் என்பதும் புரிகிறது. நீங்கள் அதைச் சொல்லவில்லை, தொண்டையைக் கனைத்துக்கொண்டீர்கள், அதுவே போதும். நான் தனிக்கட்டை, எனக்கென்ன, ஒரு பெட்டி, ஒரு குடை. ஊர்க்கோடியில் இருக்கும் முதியோர் விடுதியைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். சுத்தமான இடம். மணியடித்தால் சாப்பாடு. ஜன்னல்களைத் திறக்க முடியாதபடி ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள், தூசி வராதாம். வராந்தாவில் பத்துப் பதினைந்து நாற்காலிகளை ஒரே வரிசையில் சுவரைப் பார்க்கப் போட்டிருந்தார்கள், எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன், ஆனால் அது என் பாடு. கீழே எழுதுவதில் என் சொந்த லாபநஷ்டம் எதுவும் கலக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன். தொழில்முறை அறிக்கையாகவே இதைப் பாவிக்கவும்.

கட்டிடம் நிற்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இது நீங்கள் வாங்கிப்போட்ட கட்டிடம் இல்லை. அப்போது இது நாகரிகமான இடமாக இருந்தது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டுவோம், அதற்கு மேல் போக மாட்டோம். போன வருஷத்துக்கு முந்தின கோடையில்தான் எல்லாம் கெட்டது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் ஃபேனைப் போட்டதில் மின்சாரம் படுத்துவிட்டது, மின்சாரம் இல்லாததால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாததால் தண்ணீர் இல்லை, லாரித் தண்ணீர் வரும் என்றார்கள், லாரிக்காரர் எங்கள் தெருவைத் தவிர மற்ற தெருவுக்கெல்லாம் போனார். மேல்மாடியில் ஒரு புத்தக பைண்டர் தனியாக இருந்தார், பசை வாளியும் அட்டையுமாக எப்போதும் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். அந்த வெயிலில் உள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டார். லிஃப்ட் ஓடாததால் மேலே யாரும் ஏறவில்லை. விஷயம் தெரியவந்தபோது மின்சாரம் திரும்பி, அவர் வீட்டு ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஒரு மாதிரியாகிவிடுகிறது.

அன்றைக்குத் தரைத்தளத்து நர்ஸம்மா படிக்கட்டில் நின்று எல்லோரையும் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கூப்பிட்டால் டாக்டர்களே எழுந்து நிற்பார்களாம், நாங்கள் எம்மாத்திரம். கூட்டம் என்றால் தீர்மானம், நன்றியுரை எல்லாம் இருக்கும் என்று நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவர் பேசியது இவ்வளவுதான்.

"இனிமே வெயில் இப்படித்தான் அடிக்கும், மழை இப்படித்தான் கொட்டும். மேலேர்ந்து யாராவது வந்து பாத்துப்பாங்கன்னு உக்காந்திருந்தா, அவங்க வர்றப்போ பாக்கறதுக்கு நாம இருக்க மாட்டோம். நம்மள நாமதான் பாத்துக்கணும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது, நானும் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினால் வேலை தலையில் விழும் என்று அப்போது தெரியவில்லை.

முதல் அடி உங்கள் காருக்கு. நீங்கள் மாற்றலாகிப் போகும்போது கீழே விட்டுப்போன அந்தக் காரை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொன்னீர்கள். நான் செய்தேன், கார்தான் ஒத்துழைக்கவில்லை. மொட்டைமாடி மழைத்தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கி ஒரு பெரிய தொட்டியில் சேர்ப்பது என்று முடிவானபோது, குழாய் வளையாமல் நேராக இறங்கும் இடம் உங்கள் கார் நிற்கும் இடம்தான் என்று இரண்டாம் மாடி பஸ் டிரைவர் கண்டுபிடித்தார். வண்டி சம்பந்தப்பட்ட எதிலும் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது, ஏனென்றால் அவர் பஸ் ஓட்டுகிறார். நான் ஆட்சேபித்தேன். கார் மாப்பிள்ளையுடையது, தொடுவதற்கு எனக்கே அதிகாரம் இல்லை என்றேன். தொடவே வேண்டாம் சார், தள்ளினால் போதும் என்று அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். ஏழெட்டுப் பேர் தள்ளினார்கள். எங்கேயாவது இடித்துவிடக் கூடாதே என்ற கவலையில் நானும் தள்ளினேன். இடித்தது. பின்பக்க விளக்கு ஒன்று காலி, கதவில் ஒரு கீறல், கீறல் என் பக்கம். இப்போது கார் சுவரோரம் நிற்கிறது. பானெட்டின் மேல் நாற்றுத்தட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். காற்று படாமல் இளஞ்சூடாக இருப்பதால் கத்தரி நாற்று அங்கே பிரமாதமாக வருகிறதாம். பின்சீட்டில் மண்வெட்டி, ரம்பம், கயிறு, ஸ்பானர் என்று கட்டிடத்தின் பொதுச் சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. யாருக்காவது சுத்தியல் வேண்டுமென்றால் கார்ல பாருங்க என்கிறார்கள். சாவி நர்ஸம்மாவிடம்.

மொட்டைமாடிக்குப் போய்க் காற்று வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடவும். அங்கே நடக்க இடமில்லை, எல்லாம் தொட்டியும் பந்தலும்தான். கடைக்கு லாரி வராத நாட்களில் காய் வேண்டுமே என்று ஆரம்பித்தார்கள். நர்ஸம்மா ஒரே ஒரு சுரைக்கொடி போதும் என்று சொல்லியிருக்கிறார். டிரைவரோ ஸ்டெப்னி இல்லாமல் எந்தக் காரியமும் செய்ய மாட்டார், கூட நாலைந்து போட்டுவிட்டார். எல்லாம் பிடித்துக்கொண்டன. அதன்பிறகு இந்தக் கட்டிடத்தில் நாங்கள் பட்டதை எழுதினால் உங்களுக்குக் கொட்டாவி வரும். ஆரம்பத்தில் கதவைத் தட்டிக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம். பிறகு தட்டினால் யாரும் திறக்கவில்லை. பிறகு தட்டாமலே வாசலில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் காலடியில் கைக்குழந்தை அளவுக்கு ஒரு காய். யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய் மூன்றாம் மாடியில் ஒரு வாசலில் கிடத்திவிட்டு வந்தேன். சாயங்காலம் அதே காய் என் வாசலில் இருந்தது. பிஞ்சா முற்றலா என்று நான் அழுத்திப் பார்த்த நகக்குறி அப்படியே இருந்தது, அதனால் அடையாளம் தெரிந்தது. கடைசியில் நானே சமைத்துச் சாப்பிட்டேன்.

அடுத்தது உங்கள் வாசற்கதவு. இதை நின்றுகொண்டு படிக்க வேண்டாம், உட்கார்ந்துகொள்ளவும். பைண்டருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது என்று இங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ராத்திரி படுக்குமுன் ஒவ்வொருவரும் வெளிப்பக்கக் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டிவிட வேண்டும், காலையில் எழுந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். நன்றாக விடிந்த பிறகும் துணி இருந்தால் ஆள் எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் இருப்பவர் தட்டுவார், பதில் இல்லையென்றால் மேற்கொண்டு கேள்வி கிடையாது, கதவும் கிடையாது. நான் சொன்ன சொல் தவறாதவன், தினமும் கட்டினேன், தினமும் அவிழ்த்தேன். ஒருநாள் அவிழ்த்த துணியைப் பார்த்தால் ஒரே அழுக்கு, நாலு பேர் பார்க்கும் இடத்தில் தொங்குவது, தங்கச்சியின் அண்ணன் அழுக்குத் துணி கட்டுகிறான் என்று பேர் வரக் கூடாதே என்று சோப்புப் போட்டு அலசி, படிக்கட்டு ஜன்னல் வழியாகக் காலை வெயில் விழுவது அந்தக் கைப்பிடியில்தான் என்பதால் அங்கேயே காயப்போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டதில் தட்டினது எதுவும் காதில் விழவில்லை. தலையில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். கதவு உங்களுடையது, தவறு என்னுடையது, தோள்பட்டை டிரைவருடையது. நான் துண்டைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நர்ஸம்மா உள்ளே வந்து நாடியைப் பிடித்துப் பார்த்தார். உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும்தான் அவருக்குக் கோபம் வந்தது. படிக்கட்டு முழுக்க ஆட்கள், ஒருத்தர் என் செருப்பைக்கூடக் கையில் எடுத்து வைத்திருந்தார், எதற்கென்று நான் கேட்கவில்லை. கதவைத் தச்சர் ஒட்டுப்போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆனால் தாழ்ப்பாளை வெளியிலிருந்தே ஒரு கரண்டிக்காம்பால் நெம்பித் திறக்கிற மாதிரி அமைத்துவிட்டார். ஏனய்யா இப்படி என்றால், அடுத்த தடவை உடைக்க வேண்டாமே சார் என்கிறார். ஆகவே உங்கள் வீட்டைப் பூட்ட முடியாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

என்னையும் சும்மா விட்டார்களா என்றால் இல்லை. சேதம் பார்க்கிறவர்தானே, மழைக்கு முன்னாலேயே கட்டிடத்தைச் சுற்றிப் பார்த்து எதெது போகும் என்று சொல்லுங்கள் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளை, சேதம் ஆன பிறகு போய்ப் பார்ப்பதுதான் என் தொழில். மூழ்கின கடை, எரிந்த கிடங்கு, சரிந்த கூரை என்று எதைப் பார்த்தாலும் அது முடிந்துபோன விஷயமாக இருக்கும், எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்துவிடுவேன். ஆவதற்கு முன்னால் போய்ப் பார்ப்பது தொழில் தர்மத்துக்கே விரோதம். ஆனாலும் பார்த்தேன். கீழே மின்சார மீட்டர் பலகை முழங்கால் உயரத்தில் இருந்தது, எல்லோருக்குமாக நர்ஸம்மா மருந்துகள் சேர்த்துவைத்திருக்கும் அலமாரி தரையோடு தரையாக இருந்தது, இரண்டும் போகும் என்றேன். மின்வாரியத்துக்கு அலையாய் அலைந்து பலகையை உயரத்தில் மாட்டவைத்தார்கள், அலமாரியை முதல் மாடிக்கு, அதாவது உங்கள் படுக்கையறைக்குத் தூக்கிவந்துவிட்டார்கள். மழை வந்தது. தெருவில் படகு விடலாம் போலத் தண்ணீர், கீழே இடுப்பளவு. பலகை நனையவில்லை. எதிர்க்கட்டிடம் இருட்டில் கிடந்தது, அங்கிருந்து கயிறு கட்டிக் குழந்தைகளை இங்கே அழைத்துவந்து சாப்பாடு போட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் நான் பழக்கதோஷத்தில் பேனாவும் கையுமாக இறங்கிப் போனேன். நர்ஸம்மா வீட்டுச் சாமான்கள் முன்பே மேலே ஏறிவிட்டன, நனைந்தது ஏற்கெனவே ஓடாத உங்கள் கார் ஒன்றுதான், மதிப்பிட ஒன்றும் இல்லை. சும்மா படிக்கட்டில் நின்றேன். உத்தியோகத்தில் ஒருநாள்கூட நான் அப்படி நின்றதில்லை, உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. அது அறிக்கைக்குச் சம்பந்தமில்லாதது, விட்டுவிடுங்கள்.

இனி முக்கியமான சேதம். உங்கள் கூடம். பக்கத்துக் கிடங்கின் சுவர் ஜன்னலை ஒட்டிக்கொண்டு நிற்பதால் நாள் முழுக்க வெயிலே படாது; இருட்டு வீட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கிரகப்பிரவேசத்தன்று தங்கச்சி அழுததும், நீங்கள் தரகரைத் தேடிக்கொண்டு போனதும் நினைவிருக்கும். போன கோடை ஆரம்பத்தில் நர்ஸம்மா தெர்மாமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நின்றார். உங்கள் கூடத்துக்கு வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கட்டிடத்திலேயே குளிர்ச்சியான இடம் இதுதானாம். அன்றிலிருந்து வெயில் கொளுத்துகிற நாட்களில் மதியமானால் அவர் படிக்கட்டில் நின்று தட்டைத் தட்டுவார். எல்லா வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட்டு, விடியற்காலையிலேயே கீழே மொத்தமாகச் சமைத்த சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு, பாயும் தலையணையுமாக இங்கே வந்துவிடுவார்கள். வயசானவர்கள், நோயாளிகள், குழந்தைகள் எல்லோரும் தரையில், நடக்க முடியாதவர்கள் உங்கள் சோபாவில். தையற்கடைக்காரப் பெண் தன் கைக்குழந்தையை என் கட்டிலில் கிடத்துகிறாள், கேட்டால் உங்கள விட்டா அவன் வேற யார்கிட்டயும் தூங்க மாட்டேங்கறான் சார் என்கிறாள். டிரைவரின் அப்பாவுக்குக் காது மந்தம், நினைவும் கொஞ்சம் அப்படித்தான். இதைத் தன் வீடு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் கடைக்குப் போய்விட்டு உள்ளே வந்தால் வாங்க வாங்க, உக்காருங்க என்கிறார். எழுந்து சமையலறைப் பக்கம் போனால் அடிக்கடி வந்து போங்க என்கிறார். நானும் சரி என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். இங்கே காலை நீட்டிப் படுக்க முடியாது, நீட்டினால் யார் மேலாவது படும். இதை எழுதும்போதுகூடப் பக்கத்தில் பதினைந்து பேர் படுத்திருக்கிறார்கள், குறட்டை ஒன்றுக்கொன்று எதிர்க்குரல் கொடுக்கிறது, நான் முழங்கால்மேல் பலகையை வைத்து எழுதுகிறேன். நீங்கள் வந்து இந்தக் கூடத்தைச் சாத்திக்கொண்டால் இவர்கள் எங்கே போவார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை, கேட்க நான் யார், வீடு உங்களுடையது. நான்தான் விடுதியில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேனே. ஆனால் உங்கள் நன்மையை முன்னிட்டுச் சொல்கிறேன். கார் இல்லை, கதவு இல்லை, மாடி இல்லை, தனிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. நீங்கள் சுபாவத்தில் அமைதியானவர். இப்போது இருக்கிற ஊரிலேயே நல்லதாக ஒரு வீடு பார்த்துக்கொள்வது உத்தமம் என்பது என் தாழ்மையான, பாரபட்சமற்ற அபிப்பிராயம்.

தங்கச்சிக்கு என் ஆசிகள். நீங்கள் வயதில் எனக்குச் சிறியவர், முறையில் பெரியவர் என்பதால் ஆசியையும் வணக்கத்தையும் சரிபாதியாகக் கலந்து எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் வீட்டை இதுவரை பார்த்துக்கொண்ட
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டி முடித்தபோது தங்கச்சி போன் செய்தாள். கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். முந்தாநாள் மதியம் வெயிலிலிருந்து வந்து சமையலறையில் விழுந்துவிட்டீர்களாமே. அவள் வேலை முடிந்து வருகிறவரைக்கும் தரையிலேயே கிடந்தீர்களாமே. கூப்பிட்டீர்களாம், சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்ததாம், யாரும் வரவில்லையாம். இப்போது தேவலை என்கிறாள். மச்சான்கிட்ட சொல்லாதே, பயந்துடுவார் என்று சொல்லியிருந்தீர்களாம். பயந்துதான் போனேன்.

மேலே எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் நீங்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனையும் எழுதினேன். உங்களுக்கு அது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்திருக்கும்.

போனை வைத்தபோது கூடத்தில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸம்மா உங்களுக்கு என்ன மாத்திரை என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் உங்கள் வீட்டில் இருக்கிறேன், அதுகூடத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஜன்னலுக்குக் கீழே காற்று வரும் இடத்தை உங்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள், அங்கே படுத்திருந்தவர் தானாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனார். டிரைவர் என் பெட்டியைத் தூக்கித் தன் வீட்டு முன்னறையில் வைத்துவிட்டு வந்து, "நீங்க எங்கயும் போகல சார், ஒரு மாடி மேல, அவ்வளவுதான்" என்றார். நான் அவரிடம் எதையும் கேட்டிருக்கவில்லை.

நீங்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டிருக்கிறேனே தவிர, இதுவரை நானாக வாய் திறந்து உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். கோடை முடியட்டும் என்று இருக்காதீர்கள். வந்துவிடுங்கள் மாப்பிள்ளை.